ஜான் தாமஸோட ஹார்ப் இசையை எங்க ஆரம்பிச்சு எப்படிக் கேக்கறது

யூடியூப்லயோ ஸ்பாட்டிஃபைலயோ போய் வெறுமனே ஜான் தாமஸ்னு அடிச்சீங்கன்னா ஊர்ல இருக்கிற அத்தனை ஜான் தாமஸும் வரிசையா வந்து நிப்பாங்க, அதனால முதல் வேலை ஆளைச் சரியா கண்டுபிடிக்கிறது. நம்ம ஆள் பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸ்ல பொறந்த 19ம் நூற்றாண்டு ஹார்ப் கலைஞர், ஹார்ப்னா நம்ம யாழ் மாதிரி கம்பியை விரலால மீட்டுற பெரிய வாத்தியம். வேல்ஸ்ல இந்தப் பேர் நம்ம ஊர் முருகன், குமார் மாதிரி. பழைய வேல்ஸ் கிராமம், சாப்பல்னு சொல்ற சின்ன சர்ச், இதையெல்லாம் போட்டோ எடுத்துவச்ச ஒரு ஜான் தாமஸ் இருக்காரு, 1905ல இறந்தவரு. இசைக்காரங்கள்லயே யெயன் தீன்னு பட்டப்பேர் வச்ச ஒரு ஜான் தாமஸ், லான்வர்டிட்ல இருந்த இன்னொரு ஜான் தாமஸ். இந்தக் குழப்பத்துக்குத்தான் அங்க பாட்டுக்காரன், கவிஞன் எல்லாம் தனியா ஒரு பட்டப்பேர் வச்சுக்கிட்டாங்க. நமக்கு வேண்டிய ஆளோட பட்டம் பென்கெர்த் க்வாலியா, வேல்ஸோட தலைமை இசைக்கலைஞர்னு அர்த்தம், 1861ல அபர்டேர்ல நடந்த ஐஸ்டெத்வாட்ங்கிற கலைத் திருவிழால குடுத்தது. தேடும்போது இங்கிலீஷ் எழுத்துல பி ஈ என் சி ஈ ஆர் டி டி, ஒரு இடம் விட்டு ஜி டபிள்யூ ஏ எல் ஐ ஏ, அப்படியே போடுங்க, மத்த ஜான் தாமஸ் எல்லாம் விலகிடுவாங்க. கூடவே இன்னொரு சிக்கலும் இருக்கு, அவரோட தம்பியும் ஹார்ப் கலைஞர்தான், பேரு தாமஸ் தாமஸ், மேடைப்பேர் ஆப்டோமஸ். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இறந்தது ஒரே வருஷம், 1913. பழைய கச்சேரிக் குறிப்புகள் படிக்கும்போது "மிஸ்டர் தாமஸ், ஹார்ப்"னு மட்டும் இருந்தா அது யாருன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துக்கங்க.

ஆளைப் பத்தி கேக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியது கொஞ்சம்தான். 1826 மார்ச் 1, வேல்ஸ்காரங்க கொண்டாடுற செயின்ட் டேவிட் நாள் அன்னிக்கு, தெற்கு வேல்ஸ்ல பிரிட்ஜெண்ட்ங்கிற ஊர்ல பொறந்தாரு. நாலு வயசுல பிக்கலோங்கிற குட்டிப் புல்லாங்குழல் வாசிச்ச பையன், 1838ல, அதாவது பன்னெண்டு வயசுல, ஐஸ்டெத்வாட் போட்டியில ஜெயிச்சு ஒரு ஹார்ப்பையே பரிசா வாங்கிட்டு வந்தான். ஐஸ்டெத்வாட்னா கவிதை, பாட்டு, இசை எல்லாத்துக்கும் போட்டி நடத்துற திருவிழா, அது இல்லாம வேல்ஸ் இசையைப் பத்திப் பேசவே முடியாது. அப்புறம் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்ல படிப்பு. அந்தச் செலவை ஏத்துக்கிட்டது யாருன்னு பாத்தா நம்ம ஐடி ஆளுங்களுக்கு சிரிப்பு வரும், ஏடா லவ்லேஸ். ஆமா, உலகத்தோட முதல் கம்ப்யூட்டர் ப்ரோகிராமர்னு சொல்ற அதே ஏடா லவ்லேஸ்தான். அந்தம்மாவுக்கே ஹார்ப்னா உயிரு. அகாடமியில ஹார்ப் வாத்தியார் ஜே.பி. சாட்டர்டன், பின்னாடி 1872ல அதே சாட்டர்டன் இருந்த இடத்துக்குத்தான் ஜான் தாமஸ் வந்தாரு, விக்டோரியா ராணியோட ஹார்ப் கலைஞரா. நடுவுல லண்டன் ஆப்பரா ஆர்கெஸ்ட்ராவுல வாசிப்பு, குளிர்காலம் வந்தா ஐரோப்பா டூர், அப்புறம் அதே ராயல் அகாடமியில வாத்தியார். இது போதும். மீதியைப் பாட்டு வழியா பாத்துக்கலாம்.

சரி, எப்படிக் கேக்கறது.

நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான்: ஜான் தாமஸோட பீஸை முதல்ல போடாதீங்க. அவர் எடுத்துக்கிட்ட நாட்டுப்புற மெட்டை முதல்ல வெறும் குரல்ல கேளுங்க, நீங்களே முணுமுணுக்கிற அளவுக்குக் கேளுங்க, அப்புறமா அவரோட ஹார்ப் பீஸுக்குப் போங்க. இதை விட்டுட்டு நேரா போனவங்க எல்லாரும் சொல்ற ஒரே கம்ப்ளெய்ன்ட், "அழகா இருக்கு, ஆனா எல்லாம் ஒரே மாதிரி சலசலன்னு ஓடுது". சலசலன்னுதான் ஓடும், ஏன்னா மெட்டு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியல. அவர் காலத்துல வேல்ஸ்ல அதைக் கேட்ட கூட்டத்துக்கு அந்த மெட்டெல்லாம் தொட்டில்ல கேட்டது, அவங்க மெட்டைத் தேட வேண்டியதே இல்ல, நேரா அவர் அதை வச்சு என்ன பண்றாருன்னு கவனிப்பாங்க. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகினவங்களுக்கு இது புதுசு இல்ல, தெரிஞ்ச பல்லவி ஒண்ணுல சங்கதி மேல சங்கதியா ஏறும்போது வர்ற சந்தோஷம்தான் இது, பல்லவி தெரியாதவனுக்கு சங்கதியும் தெரியாது. ஒரு வித்தியாசம் மட்டும் மனசுல வச்சுக்கங்க, இங்க மெட்டோட நீளமும் கீழ ஓடுற கார்டு (சில ஸ்வரம் ஒண்ணா சேந்து ஒலிக்கிறது) வரிசையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மேல போடுற நகாசு வேலைதான் ஒவ்வொரு சுத்துக்கும் மாறும்.

எந்த மெட்டுல ஆரம்பிக்கிறதுன்னா லூயின் ஆன். இங்கிலீஷ்ல ஆஷ் குரோவ்னு தேடினா வந்துடும். எட்வர்ட் ஜோன்ஸ்னு ஒரு ஹார்ப் கலைஞர், ராஜாவோட கவிஞன்னு பட்டம், அவர் 1802ல அச்சுல கொண்டுவந்த மெட்டு. மூணு தாளம், கணக்கு ரொம்ப சுலபம்: ஒரு வரி, அதே வரி மறுபடி, நடுவுல வேற ஒரு வரி, கடைசில முதல் வரி திரும்ப. முதல் வரி தொடங்கறதே சங்கராபரண ஸ்வரத்துல சொன்னா கீழ் பஞ்சமத்துல கால வச்சு ஸ க பன்னு ஏறும், ஒரு கார்டை உடைச்சு வச்ச மாதிரி. ஹார்ப்புக்குன்னே செஞ்ச மெட்டு மாதிரி இருக்கில்ல, விரல் நாலையும் கம்பியில வச்சு ஒவ்வொண்ணா விட்டா பாதி மெட்டு வந்துடும். நடுவரிதான் முக்கியமான இடம். அது வீட்டை விட்டுக் கிளம்பி ஸ்ருதியை பஞ்சமத்துப் பக்கம் நகத்திக்கிட்டுப் போயிட்டு, கடைசி வரிக்காகத் திரும்பி வரும். முதல் தடவை குரல்ல கேக்கும்போது இந்த மூணு இடத்தை மட்டும் பிடிங்க: ஏற்றம், வெளிய போறது, திரும்பறது.

அப்புறம் ஜான் தாமஸோட லூயின் ஆன் போடுங்க. முதல்ல மெட்டை நேரா சொல்லிடுவாரு, அதுல குழப்பமே இருக்காது. அடுத்தடுத்த சுத்துல தான் வேலை. மெட்டு கட்டைவிரலுக்குப் போகும், மீதி விரல் எல்லாம் மேலயும் கீழயும் சிதறி ஓடும், கேக்கறவனுக்கு மூணு கை வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஓட்டத்துக்குள்ள மெட்டு நடுவுல எங்கயோ, சத்தம் கொஞ்சம் கனமா, மணி அடிக்கிற மாதிரி ஒண்ணொண்ணா விழும். அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கூடவே முணுமுணுங்க. தொலைஞ்சு போனீங்கன்னா நடுவரி வர்ற வரைக்கும் காத்திருங்க, அங்க கார்டு மாறுறது கேக்கும், அங்கிருந்து திரும்ப ஒட்டிக்கலாம்.

அடுத்தது பிகைலியோர் க்வெனித் க்வின், இங்கிலீஷ்ல வாட்சிங் த வீட். என்னைக் கேட்டா ஜான் தாமஸ் எழுதினதுல ஒண்ணே ஒண்ணு கேளுன்னா இதைத்தான் சொல்லுவேன். மெட்டுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, அதுவும் அவர் பொறந்த பிரிட்ஜெண்டுக்குப் பக்கத்துல லாங்கினவித்ங்கிற கிராமத்துக் கதை. கெவென் அட்வாங்கிற பெரிய வீட்டுப் பொண்ணு ஆன் தாமஸ், வில் ஹாப்கின்னு ஒரு ஏழைக் கவிஞன். வீட்ல ஒத்துக்கல, 1725ல வசதியான இடத்துல அவளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க, ரெண்டே வருஷத்துல அவ செத்துப் போயிட்டா. கல்யாணமும் சாவும் பதிவுல இருக்கு, காதல் கதை முழுக்க வாய்வழி வந்ததுதான், மை கிடைக்காம தன் ரத்தத்துலயே இலையில கடிதம் எழுதினா, கடைசில புத்தி பேதலிச்சு அவன் மடியில உயிரை விட்டாங்கிறதெல்லாம் ஊர்க்காரங்க சேத்தது. பாட்டுல அந்தப் பையன் சொல்றது, வெள்ளைக் கோதுமையை நான் காவல் காக்கறேன், அறுத்துட்டுப் போறது வேற எவனோங்கிறான். இந்த ஒரு வரி தெரிஞ்சுட்டு ஹார்ப் பீஸைக் கேளுங்க. மெட்டோட ஒவ்வொரு வரியும் மேல ஏறிட்டு ஒரு பெருமூச்சோட இறங்கும், ஜான் தாமஸ் அதைச் சுத்தி எவ்வளவு அலங்காரம் பண்ணாலும் அந்த இறக்கத்தைத் தொடவே மாட்டாரு. நல்லா வாசிக்கிறவங்க அந்த இடத்துல லேசா நிதானிப்பாங்க, அவசரக்காரங்க அருவி மாதிரி கொட்டிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு மூணு பேர் வாசிச்சதை அடுத்தடுத்துப் போட்டு இந்த ஒரு இடத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க, யாரு பாட்டைத் தெரிஞ்சு வாசிக்கிறா யாரு நோட்டை மட்டும் வாசிக்கிறான்னு உடனே தெரிஞ்சுடும்.

மூணாவதா டாவித் அ காரெக் வென், வெள்ளைப்பாறை டேவிட். வடக்கு வேல்ஸ்ல போர்த்மாடாக் பக்கம் டேவிட் ஓவன்னு ஒரு ஹார்ப் கலைஞர், 1741ல முப்பது வயசு கூட ஆகாம இறந்துட்டாரு. சாகக் கிடக்கும்போது ஹார்ப்பைக் கொண்டாங்கன்னு கேட்டு வாங்கி இந்த மெட்டை வாசிச்சுட்டுக் கண்ணை மூடினாருன்னு சொல்லுவாங்க. சின்ன ஸ்தாயி, மெதுவான நடை, ஜான் தாமஸ் இதுல வேகத்தைக் கொண்டுவந்து காட்டும்போது எனக்கு ஒப்பவே ஒப்பாது, சாவுப் படுக்கையில எதுக்கு இவ்வளவு ஓட்டம்னு தோணும். ஆனா அது அந்தக் காலத்துப் பெரிய வீட்டு வரவேற்பறைக் கச்சேரி வழக்கம், சபையில உக்காந்திருக்கிறவங்க கடைசில கை தட்டணும் இல்லயா. அதே டேவிட் ஓவன் பேர்ல சொல்ற இன்னொரு மெட்டு கோடியாட் அர் ஹெடித், வானம்பாடி எழும்பறது. ராத்திரி பூரா விருந்துல வாசிச்சுட்டு விடிகாலையில வீட்டுக்குத் திரும்பும்போது பறவை எழும்பறதைக் கேட்டு அங்கயே ஒரு பாறையில உக்காந்து போட்டாருங்கிறது கதை. இது ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கேளுங்க, ஜான் தாமஸுக்கு எது நல்லா வரும் எது வராதுன்னு புரியும், எனக்குப் பிடிச்சது ரெண்டாவதுதான்.

பெல்ஸ் ஆஃப் அபர்டவி கொஞ்சம் லேசானது, அப்படியே காதுல விட்டுட்டுப் போகலாம். கடல்ல முழுகிப் போன ஊரோட மணி கேக்குதுன்னு ரொம்ப உருக்கமா கதை சொல்லுவாங்க, அந்தப் பாட்டு 1785ல லண்டன்ல சார்ல்ஸ் டிப்டின் போட்ட நாடகத்துல வந்தது. கதையைக் கேட்டு அழற முன்னாடி இதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப காதை விட்டுட்டு கண்ணுக்கு வருவோம். ஹார்ப்பை ஆடியோவுல மட்டும் கேக்காதீங்க, வீடியோ பாருங்க, அதுவும் கால் தெரியற வீடியோவா பாருங்க. எல்லாரும் கையைத்தான் பாப்பாங்க. ஜான் தாமஸ் எழுதினது பெடல் ஹார்ப்புக்கு, 1810ல செபாஸ்டியன் எரார்ட் பேட்டன்ட் வாங்கின இரட்டை இயக்கப் பெடல் வச்ச வாத்தியம். இன்னைக்கு இருக்கிற பெரிய கச்சேரி ஹார்ப்புல 47 கம்பி, 7 பெடல். பியானோல இருக்கிற கறுப்புக் கட்டை இங்க கிடையாது, ஒரு சப்தகத்துக்கு ஏழே கம்பிதான், ஸ ரி க ம ப த நி, அவ்வளவுதான். அப்ப பாதி ஸ்வரம் எல்லாம் எப்படி வரும்? ஸ்வரத்துக்கு ஒரு பெடல், ஒவ்வொரு பெடலுக்கும் மூணு படி. மேல இருந்தா ஃப்ளாட் (அரை ஸ்வரம் கீழ), நடுவுல நேச்சுரல் (இயல்பான ஸ்வரம்), கீழ அழுத்தினா ஷார்ப் (அரை ஸ்வரம் மேல). ஒரு பெடலை அழுத்தினா அந்தப் பேர்ல இருக்கிற கம்பி எல்லாமே, கீழ்ல இருந்து மேல வரைக்கும், ஒண்ணா ஏறும். இடது காலுக்கு டி சி பி, வலது காலுக்கு ஈ எஃப் ஜி ஏ. லூயின் ஆன் நடுவரியில ஸ்ருதி நகருதுன்னு சொன்னேன்ல, அந்த இடத்துல காலைப் பாருங்க, ஒரு பெடல் சத்தமில்லாம கீழ போகும், வரி முடியறப்போ திரும்ப ஏறும். காது சொன்னதைக் கண்ணு உறுதிப்படுத்துற இடம் அது. கத்துக்குட்டி வாசிச்சா அங்க டொக்குன்னு ஒரு சத்தமோ கம்பி உறுமுற சத்தமோ கேக்கும், கம்பி அதிர்ந்துட்டு இருக்கும்போதே பெடலை மாத்திட்டாங்கன்னு அர்த்தம்.

இதுலருந்தே இன்னொரு விஷயமும் புரியும். பெடல் எல்லாம் மேல இருக்கும்போது கம்பி முழு நீளத்துக்கு அதிரும், அப்பதான் ஹார்ப் நல்லா திறந்து பாடும், அதனால ஹார்ப்புக்கு எழுதறவங்க ஃப்ளாட் நிறைய வர்ற ஸ்கேலையே தேடிப் போவாங்க. பியானோக்காரன் பாத்தா தலை சுத்தும், ஈ ஃப்ளாட் மைனர், ஜி ஃப்ளாட் மேஜர்னு. ஜான் தாமஸோட ஹார்ப் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோட சேந்து வாசிக்கிற பெரிய பீஸ்) ஈ ஃப்ளாட்ல, ரெண்டு ஹார்ப்புக்கு எழுதின கிராண்ட் டூயட் ஈ ஃப்ளாட் மைனர்ல. அந்த டூயட்டைப் பின்னாடி எப்பவாவது நல்ல ஸ்பீக்கர்ல கேளுங்க, ரெண்டு ஹார்ப்பும் இடமும் வலமுமா பிரிஞ்சு கேக்கற ரெக்கார்டிங்கா பாத்து எடுங்க, ஹெட்போன் இன்னும் நல்லது. கான்செர்ட்டோவை அவசரப்பட்டு எடுக்காதீங்க. நல்ல கைவேலைதான், ஆனா அதை லண்டன்லயோ பாரிஸ்லயோ யார் வேணா எழுதியிருக்கலாம்னு தோணும், வேல்ஸ் மெட்டு கையில இருக்கும்போதுதான் அவர் அவரா இருக்காரு.

கையையும் கொஞ்சம் பாருங்க. சுண்டுவிரல் வேலையே செய்யாது, கட்டைவிரலும் மூணு விரலும்தான். விரல் கம்பியை விட்டதும் உள்ளங்கைக்குள்ள மடங்கும். சத்தத்தை நிறுத்தணும்னா உள்ளங்கையை விரிச்சுக் கம்பி மேல ஒத்தி எடுப்பாங்க, ஏன்னா மீட்டின கம்பி தானா நிக்காது, அடிக்கம்பி எல்லாம் ரொம்ப நேரம் ஓலமிட்டுட்டே இருக்கும். திடீர்னு ஒரு இடத்துல மெட்டு கண்ணாடி மாதிரி மெல்லிசா, ஒரு சப்தகம் மேல கேக்கும், அப்ப இடது கையைப் பாருங்க, உள்ளங்கை விளிம்பைக் கம்பியோட நடுவுல லேசா வச்சு அதே கையோட கட்டைவிரல்ல மீட்டுவாங்க, அதுதான் ஹார்மோனிக்ஸ். சிவப்புக் கம்பி எல்லாம் சி, கறுப்பு இல்லனா நீலம் எஃப், அதை வச்சுத்தான் அந்தக் கம்பிக் காட்டுக்குள்ள வழி கண்டுபிடிக்கறாங்க.

இதுக்கப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதைத் தவிர்த்துட்டா ஜான் தாமஸைப் பாதிதான் புரிஞ்சிருக்கும். வேல்ஸோட சொந்த ஹார்ப்னு அங்க கொண்டாடறது பெடல் ஹார்ப் இல்ல, ட்ரிபிள் ஹார்ப். மூணு வரிசைக் கம்பி, பெடலே கிடையாது. வெளிப்பக்க ரெண்டு வரிசையும் ஒரே ஸ்வரம், ஒரே ஸ்ருதி, நடு வரிசையில ஷார்ப் ஃப்ளாட் எல்லாம். அரை ஸ்வரம் வேணும்னா வெளி வரிசைக் கம்பிகளுக்கு நடுவுல விரலை விட்டு உள்ள இருக்கிற கம்பியை எடுக்கணும், பக்கத்துக் கம்பியில படாம. ரெண்டு வரிசை ஒரே ஸ்வரமா இருக்கிறதால ஒரே நோட்டை வலது கையும் இடது கையும் மாத்தி மாத்தி அடிக்கலாம், அந்தப் படபடப்பு பெடல் ஹார்ப்புல இப்படி வராது. இதுவும் ஆதியில இத்தாலியில இருந்து வந்த சரக்குதான், ஆனா ஐரோப்பா மொத்தமும் கைவிட்ட பின்னாடி வேல்ஸ் மட்டும் பிடிச்சு வச்சுக்கிச்சு. வழக்கப்படி இடது தோள்ல சாச்சு வாசிப்பாங்க, பெடல் ஹார்ப் வலது தோள். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறினா எந்தக் கை மெட்டு, எந்தக் கை அடித்தளம்ங்கிறதே தலைகீழாகும்.

ஜான் தாமஸ் காலத்துல இது பெரிய வாக்குவாதம். லேடி லானோவர்னு ஒரு சீமாட்டி, 1896 வரைக்கும் இருந்தாங்க, ட்ரிபிள் ஹார்ப்தான் வேல்ஸோட ஹார்ப்னு சொல்லி அதுக்கே காசு, பரிசு, ஆதரவு எல்லாம் குடுத்தாங்க. இவரோ லண்டன்ல எரார்ட் பெடல் ஹார்ப்பை வச்சுக்கிட்டு அரண்மனையில வாசிக்கிறாரு. 1862ல செயின்ட் ஜேம்ஸ் ஹால்ல வேல்ஸ் இசைக் கச்சேரின்னு போட்டு 20 ஹார்ப், 400 குரல்னு நிறுத்தினாரு, லண்டன் அசந்து போச்சு. ஊர்ல வயலுக்கு நடுவுல கேட்ட மெட்டுக்கு கோட்டு சூட்டு போட்டுக் கூட்டிட்டு வந்து ராணி முன்னாடி உக்கார வச்சவருன்னு ஒரு கட்சி, அதைக் காப்பாத்தினவருன்னு இன்னொரு கட்சி. ரெண்டுமே நடந்ததுதான்னு நான் நினைக்கிறேன். அவர் அச்சுல போட்டு, வாசிச்சு, அகாடமியில சொல்லிக் குடுக்கலன்னா இந்த மெட்டெல்லாம் இன்னைக்கு ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் ஹார்ப் ஸ்டூடண்ட் கையில இருந்திருக்காது, அதே சமயம் அவர் வாசிச்ச விதம்தான் வேல்ஸ் ஹார்ப்னு உலகம் நினைச்சுடுச்சு.

அதனால நீங்க செய்ய வேண்டியது, அதே லூயின் ஆனையோ வேற எந்த மெட்டையோ ட்ரிபிள் ஹார்ப்ல தேடிக் கேளுங்க. நான்சி ரிச்சர்ட்ஸ் பேர் போடுங்க, 1888ல பொறந்து 1979 வரைக்கும் இருந்தவங்க, 1908, 1909, 1910னு தொடர்ந்து மூணு வருஷம் தேசிய ஐஸ்டெத்வாட்ல ட்ரிபிள் ஹார்ப் பரிசு வாங்கினவங்க. பழைய ரெக்கார்டிங், கரகரன்னு இருக்கும், பரவால்ல. இந்த வாத்தியத்தைக் கைமாத்திக் கொண்டுவந்ததுல வேல்ஸ் ரோமானி நாடோடிக் குடும்பங்களுக்குப் பெரிய பங்கு, ஆப்ரம் வுட் வம்சம்னு சொல்லுவாங்க. நியூடவுன்ல இருந்த ஜான் ராபர்ட்ஸ் அந்த வழிதான், ஜான் தாமஸுக்கு பத்து வயசு மூத்தவரு. ராபின் ஹ்யூ பவன், லியோ ரதெர்க் ரெண்டு பேரும் கிட்டத்துக் காலத்து ஆளுங்க, ரெக்கார்டிங் தெளிவா இருக்கும், அங்கிருந்து ஆரம்பிச்சா காதுக்கு சுலபம். கேட்டு முடிச்சுட்டுத் திரும்ப ஜான் தாமஸுக்கு வந்தா அவர் எதை எடுத்துக்கிட்டாரு எதை விட்டாருன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ட்ரிபிள் ஹார்ப்ல சத்தம் ஒரு மாதிரி மழைத்துளி மாதிரி கூர்மையா, சின்னதா இருக்கும், டான்ஸ் நடை இருக்கும். பெடல் ஹார்ப்ல ஹால் நிறையும், நடை கொஞ்சம் கரையும்.

கெர்த் டான்ட்னு ஒண்ணு இருக்கு, அதையும் தவற விட்டுடாதீங்க. ஹார்ப் ஒரு தெரிஞ்ச மெட்டை, லூயின் ஆன்னே வச்சுக்கங்க, தனியா ஆரம்பிக்கும். பாடறவங்க சும்மா நிப்பாங்க. சில தாளச் சுத்து கழிச்சு உள்ள வருவாங்க, ஆனா அந்த மெட்டைப் பாட மாட்டாங்க, கவிதை ஒண்ணை வேற ஒரு மெட்டுல ஹார்ப்புக்கு எதிரா பாடிக்கிட்டே போய் கடைசில ரெண்டும் ஒண்ணா ஒரே இடத்துல வந்து முடியும். முதல் தடவை கேக்கும்போது ரெண்டு பேரும் வேற வேற பாட்டுப் பாடறாங்களான்னு இருக்கும். மெட்டு மனப்பாடமா இருந்தா மட்டும்தான் இதோட ருசி தெரியும், அதுக்கும் சேத்துதான் முதல்லயே குரல்ல கேளுங்கன்னு சொன்னது.

சொந்தமா வாசிக்கிற ஆசை உள்ளவங்களுக்கு. ஜான் தாமஸ் இறந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, காப்பிரைட் கிடையாது, ஐஎம்எஸ்எல்பிங்கிற இசை நோட்டு சைட்ல பழைய பதிப்பு ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, இலவசமா இறக்கலாம். ஆனா நேரா அவரோட பீஸை ஸ்டாண்டுல வைக்காதீங்க. சின்ன லீவர் ஹார்ப் (பெடலுக்குப் பதிலா கம்பிக்குக் கம்பி கையால தூக்குற லீவர் இருக்கும்) வச்சிருக்கிறவங்க அதை ஈ ஃப்ளாட் மேஜர்ல ஸ்ருதி சேத்துட்டு, லீவர் போட்டு எஃப்லயோ ஜியிலயோ லூயின் ஆன் மெட்டை வலது கையில மட்டும் வாசிங்க, கட்டைவிரல் நிமிந்து மேல நோக்கி இருக்கணும், மத்த விரல் கீழ் நோக்கி. அடுத்த நோட்டுக்கான விரலை முன்கூட்டியே கம்பியில வச்சுட்டுத்தான் இந்த நோட்டை விடணும், ஹார்ப்ல கை தடுமாறாம இருக்கிற ரகசியமே அதுதான். இடது கையில வெறும் ரெண்டு நோட்டு போதும், ஸவும் பவும். நடுவரியில ஸ்ருதி நகர்ற இடத்துல ஒரு லீவரைத் தூக்கணும், தூக்கினதை மறக்காம இறக்கணும். இது கைக்கு வந்த பின்னாடி பெடல் ஹார்ப் கிடைச்சா ஜான் தாமஸோட ஸ்கோரை எடுங்க, எடுத்ததும் பென்சிலால பெடல் மாத்தற இடம் எல்லாத்தையும் முதல்ல குறிச்சுக்கங்க, நோட்டு பின்னாடி. அவரோட எட்யூட், அதாவது பயிற்சிப் பீஸ், ஆறும் இருக்கு, ஆனா அது ஆரம்பக்காரங்களுக்கு இல்ல. வாத்தியம் இல்லாதவங்களும் ஸ்கோரை இறக்கி வச்சுக்கிட்டுக் கேட்டுப் பாருங்க, மெட்டு நோட்டுக்கு மட்டும் தண்டு தனியா மேல நீட்டிட்டு இருக்கிற இடங்கள் வரும், அந்தத் தண்டைப் பிடிச்சுட்டே போனா எவ்வளவு சலசலப்புலயும் மெட்டு தொலையாது.

மின்ஸ்ட்ரல்ஸ் அட்யூ பத்திக் கேப்பீங்க, ஊரை விட்டுப் போற பாடகனோட விடைபெறல், அவரோட ரொம்பப் பிரபலமான பீஸ். எல்லா ஹார்ப் லிஸ்ட்லயும் முதல்ல வரும். இது நாட்டுப்புற மெட்டு இல்ல, அவரே போட்ட மெட்டு, அதனால குரல்ல கேட்டுட்டு வாங்கங்கிற என் விதி இங்க செல்லாது. தொடக்கத்துல வர்ற மெதுவான பகுதியை மட்டும் ரெண்டு தடவை கேட்டுட்டு அப்புறம் முழுசும் கேளுங்க, அதுவே போதும். லூவெலின், பிரைட் ஆஃப் நீத் வேலின்னு ரெண்டு கன்டாட்டாவும் (குரலும் வாத்தியமும் சேந்த நீளமான பாட்டு) எழுதியிருக்காரு, 1863ல ஸ்வான்ஸீ ஐஸ்டெத்வாட்டுக்கு ஒண்ணு, 1866ல செஸ்டருக்கு ஒண்ணு. ஆராய்ச்சி பண்றவங்க தேடிப் போகலாம், மத்தவங்க விட்டுடலாம்.

அவரைப் பத்தி இன்னும் படிக்கணும்னா வேல்ஸ் தேசிய நூலகம் பழைய பத்திரிகை எல்லாத்தையும் இலவசமா ஆன்லைன்ல போட்டிருக்கு, 1919 வரைக்கும். பென்கெர்த் க்வாலியான்னு போட்டுத் தேடினா அந்தந்த ஊர்க் கச்சேரிக்கு மறுநாள் வந்த விமர்சனமே கிடைக்கும், எந்தப் பாட்டை ஒன்ஸ்மோர் கேட்டாங்கங்கிறது வரைக்கும். இங்கிலீஷ் பத்திரிகையும் வெல்ஷ் பத்திரிகையும் ரெண்டுமே இருக்கு. வேல்ஸ் வாழ்க்கை வரலாற்று அகராதியும் அதே மாதிரி இலவசம். கார்டிஃப் பக்கம் போற வாய்ப்பு இருந்தா செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்துல பழைய ஹார்ப் இருக்கு, ட்ரிபிள் ஹார்ப்போட மூணு வரிசையைப் படத்துல பாத்தா புரியாது, பக்கவாட்டுல நின்னு பாக்கணும்.

இவருக்கு அப்புறம் வந்தவங்கள்ல ரெண்டு பேரை மட்டும் சேத்துக்கங்க. ஆசியன் எல்லிஸ், 1928ல பொறந்து 2021ல இறந்தவரு, பெஞ்சமின் பிரிட்டன் தன்னோட ஹார்ப் சூட்டை 1969ல இவருக்காகத்தான் எழுதினாரு, அதோட கடைசிப் பகுதி வேல்ஸ் சாப்பல்ல பாடற ஒரு கீர்த்தனை மெட்டு மேல கட்டினது. ஜான் தாமஸ் பண்ணின அதே வேலைதான், தெரிஞ்ச மெட்டை எடுத்து ஹார்ப்ல விரிக்கிறது, ஆனா இருபதாம் நூற்றாண்டு காதோட. இன்னொருத்தங்க கேட்ரின் ஃபின்ச். அரச குடும்பத்து ஹார்ப் கலைஞர்ங்கிற பதவி விக்டோரியா காலத்துக்கு அப்புறம் கொஞ்ச காலத்துல நின்னு போயிருந்தது, 2000ல அப்ப இளவரசரா இருந்த சார்ல்ஸ் திரும்பக் கொண்டுவந்தப்போ முதல்ல வந்தவங்க இவங்கதான். செனகல்காரர் செக்கோ கெய்ட்டாவோட கோராங்கிற மேற்கு ஆப்பிரிக்கக் கம்பி வாத்தியத்தோட சேந்து 2013ல இருந்து பண்ணின ரெக்கார்டிங் எல்லாம் கேளுங்க, அங்கயும் சில இடத்துல பழைய வேல்ஸ் மெட்டு எட்டிப் பாக்கும்.

நேர்ல கேக்கணும்னா தேசிய ஐஸ்டெத்வாட் ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு வருஷம் வடக்கு, ஒரு வருஷம் தெற்குன்னு இடம் மாறும், எஸ்ஃபோர்சிங்கிற வெல்ஷ் டிவி சேனல்ல ஒளிபரப்பும் உண்டு. மேடை நிகழ்ச்சியை விட பகல்ல நடக்கிற ஹார்ப் போட்டியைப் பாருங்க, ஒரே பீஸை மூணு பேர் அடுத்தடுத்து வாசிப்பாங்க. எல்லாம் வெல்ஷ் மொழியிலதான் நடக்கும், தீர்ப்பு சொல்றவர் பேசறது ஒரு வார்த்தையும் புரியாது, அது பரவால்ல, அவர் பேசறதுக்கு முன்னாடியே நீங்க ஒரு வரிசை எழுதி வச்சுக்கங்க.